பிப்ரவரி பதின்மூன்றுக்கும் ஏப்ரல் பதினேழுக்கும் நடுவில்

1994 மே 11 — 400 மில்லி (முதல் தடவை)
2018 அக்டோபர் 10 — 450 மில்லி
2018 டிசம்பர் 12 — 450 மில்லி
2019 பிப்ரவரி 13 — 450 மில்லி
2019 ஏப்ரல் 17 — 450 மில்லி
2019 ஜூன் 19 — 450 மில்லி
மொத்தம் 61 தடவை. 27 லிட்டர் 300 மில்லி.

2019 ஜூன் வரையிலான இந்தப் பட்டியல் எவரிஸ்த் மயோவின் சமையலறைக் கதவுக்குப் பின்னால், நான்கு ஆணி அடித்த அட்டையில் இருக்கிறது. நடுவில் உள்ள ஐம்பத்தைந்து வரிகளை இங்கே விட்டிருக்கிறது. அவர் எத்தனை தடவை ரத்தம் கொடுத்தார் என்பது ரத்த வங்கியின் கணினியிலும் இருக்கத்தான் செய்கிறது. அவர்கள் எழுதுவதை நம்பி, தான் எழுதாமல் இருக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

ரெயூனியன் தீவின் தெற்கே, ஆந்த்ரெ-தே மேட்டிலிருந்து கீழே இறங்கும் சாலையில் இருந்த கரும்பு எடைமேடையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர் அவர். லோடு வந்து நிற்கும். கரும்புக்கு அடியில் கல் இருக்கும். மண் இருக்கும். தண்ணீர் ஊற்றி நனைத்த கரும்புத் தோகை இருக்கும். ஒருமுறை ரயில் தண்டவாளத் துண்டே இருந்தது. விவசாயி சிரித்த முகமாக வணக்கம் சொன்னால் எவரிஸ்த் முதலில் வண்டியின் டயரைத்தான் பார்ப்பார்.

"கல்யாணத்தன்னிக்கு மோதிரத்தக் கடிச்சுப் பாத்த ஆளு இவரு" என்பாள் மனைவி கோரின், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம்.

"கடிக்கல. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன்."

"பாதிரியார் குடுத்த மோதிரத்த!"

"பாதிரியார் வாங்குன கடைய எனக்குத் தெரியாதே."

இப்படிப்பட்ட மனிதர் எப்படி ரத்தம் கொடுக்கப் போனார் என்று கேட்பார்கள். ரத்தப் பையை வைக்கும் அந்தச் சின்னத் தராசுதான் காரணம். பையைத் தொட்டில்போல ஆட்டிக்கொண்டே எடையும் போடும்; குறித்த அளவு ஆனதும் தானே மணியடித்து நிறுத்திக்கொள்ளும். நாற்பத்தொன்றாம் வயதில் ஊர் மன்ற வாசலில் நின்ற ரத்த வங்கி வண்டிக்குள் அதைப் பார்த்தார். ஏமாற்ற முடியாத தராசு என்று அவருக்குப் பட்டது. அதன்பிறகு அந்த வண்டி வரும் புதன்கிழமைகளில் அவர் வராமல் இருந்தது மிகவும் குறைவு.

அதே வண்டிக்கு அடுத்த வீட்டுக் கிஸ்லேன் திஜுவும் வருவாள். ஐம்பத்து நான்கு வயது, கணவனை இழந்தவள். வீட்டுப் பின்புறம் ஆந்தூரியமும் சாமந்தியும் வளர்த்து, சனிக்கிழமைகளில் கீழே சேன்-பியேர் சந்தையிலும், மற்ற நாட்களில் ஊர்க் கல்லறைத் தோட்டத்து வாசலில் மூன்றாம் எண் இடத்திலும் விற்கிறவள். ரத்தம் கொடுத்துவிட்டு இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மிளகாய் வடையும் ஆரஞ்சுச் சாறும் சாப்பிடுவார்கள். அப்போதெல்லாம் அவளுக்கு அவர் "எவரிஸ்த் அண்ணே".

2019 மார்ச் 29, வெள்ளிக்கிழமை, எவரிஸ்தின் தம்பி ஒனெசிம் ஆஸ்பத்திரியில் இறந்தான். டெங்கு. வயது ஐம்பத்தொன்பது, சர்க்கரை நோய் உண்டு. ஒரே வேலிக்குள், அதே வளவில், பின்பக்க வீட்டில் இருந்தவன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏழு சண்டைச் சேவல்கள்தான் அவன் குடும்பம்.

அந்த வருடம் டெங்கு கீழே கடலோர ஊர்களில்தான் பரவிக்கிடந்தது. மேட்டில் அதுவரை ஒருவருக்கும் இல்லை. அப்படியிருக்க அவர்கள் குடியிருந்த சந்துக்குள் எப்படி ஏறி வந்தது? எவரிஸ்துக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அடக்கம் முடிந்த நான்காம் நாள் கொசு ஒழிப்பு ஆட்கள் வந்து சந்து முழுவதும் ஒவ்வொரு பாத்திரமாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள். கிஸ்லேனின் பூ வாளிகள் பதினொன்றில் மூன்றில் கொசுப் புழு நெளிந்தது. எவரிஸ்தின் வளவில் ஒன்றுமில்லை. அவர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று வாளி. வாரம் ஒருமுறை கீழே சந்தை. வேறென்ன வேண்டும்?

"அவ வாளியிலேருந்துதான் வந்துச்சு" என்றார் கோரினிடம்.

"வாளி கடிச்சுச்சா?"

"விளையாடாத. என் தம்பி போயிட்டான்."

கோரின் உள்ளே போய்விட்டாள்.

மே 6, திங்கட்கிழமை, அவர் ஊர் மன்றத்தில் புகார் கொடுத்தார். இரண்டு தாள், பதினான்கு கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் எழுதி, நகல் எடுத்து வைத்துக்கொண்டார். மன்றம் கிஸ்லேனின் மூன்றாம் எண் இடத்தை, விசாரணை முடியும்வரை நிறுத்திவைத்தது. விசாரணை அக்டோபரில். நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாள். அந்த ஒரு வாரத்தில் விற்கும் பூவில்தான் அவளுக்கு வருடம் ஓடும். இடம் போனால் அவள் அந்த வாசலுக்குத் திரும்ப முடியாது. வரிசையில் காத்திருப்பவர்கள் பலர். இது எவரிஸ்துக்கும் தெரியும். தெரிந்துதான் கொடுத்தார்.

அன்றிலிருந்து அவளுக்கு அவர், அந்நியரைக் கூப்பிடுவதுபோல, "மிஸ்யே மயோ" ஆனார்.

ஜூன் 19 அன்று வண்டிக்குள் நர்ஸ் சோலான்ஜ் ஒரு புதிய தாளை நீட்டினாள்.

"இது எதுக்கு?"

"டெங்கு எப்பவாவது வந்துட்டுப் போயிருக்கான்னு பாக்கறதுக்கு, பெரியவரே. சோதனைக்கு எடுத்ததுல மிச்சம் இருக்கிறதே போதும். புதுசா குத்த மாட்டோம்."

"எனக்குத்தான் வரலையே."

"வரலன்னு சொல்றவங்களத்தான் பாக்கணுமாம்."

"வராதவனப் பாத்து என்னத்தக் கண்டுபிடிப்பாங்க?"

"வந்ததைத்தான்" என்று சிரித்தாள் சோலான்ஜ்.

அவர் சிரிக்கவில்லை. தாளை இரண்டு முறை படித்தார். நலமாக இருந்து ரத்தம் கொடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு, தெரிந்தோ தெரியாமலோ, டெங்கு வந்து போயிருக்கிறது என்று தீவு முழுவதும் எண்ணுகிறார்களாம். குழாயில் பெயர் இருக்காது. எண், வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர், அவ்வளவுதான். தன் முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கடைசியில் உள்ள கட்டத்தில் குறியிட வேண்டும். அப்படிக் குறியிட்டவர்களின் எண்ணையும் பெயரையும் ஒரு டாக்டர் மட்டும் தனியாக வைத்திருப்பாராம்.

"எங்கிட்ட இருக்கிறது எனக்குத் தெரியாம இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது" என்று சொல்லிக் குறியிட்டார்.

வெளியே சிற்றுண்டி மேசையின் மறு கோடியில் கிஸ்லேன் உட்கார்ந்திருந்தாள். பரிமாறிய பெண்ணிடம் எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்:

"மிஸ்யே மயோவுக்கு வேற தட்டு குடும்மா. இது நான் தொட்ட தட்டு. வடைக்குள்ள புழு இருக்கான்னு பிச்சுப் பாத்துட்டு மன்றத்துக்கு எழுதிப் போட்டுருவாரு."

எவரிஸ்த் சாறை மட்டும் குடித்துவிட்டு எழுந்தார்.

ஆகஸ்ட் 6 அன்று கடிதம் வந்தது. மூன்றே வரி. அவருடைய ரத்தத்தில் முன்பு எப்போதோ டெங்கு வந்து போனதன் அடையாளம் இருக்கிறது. இதனால் இப்போது உடம்புக்கு ஒன்றுமில்லை. ரத்தம் கொடுப்பதைத் தொடரலாம்.

"பொய்" என்றார்.

"யாரு?" என்றாள் கோரின், சௌசௌ தோல் சீவிக்கொண்டு.

"குழாய மாத்திட்டாங்க. எனக்கு எந்த வருஷம் காய்ச்சல் வந்துச்சு, சொல்லு."

கோரின் யோசித்தாள். "சிக்குன்குன்யா வந்த வருஷம்கூட உனக்கு வரல. சந்தே முடங்கிக் கிடந்துச்சு, நீ மட்டும் நிமிந்து நடந்த. எல்லாரும் உன்னத்தான் சந்தேகப்பட்டாங்க."

"அதத்தான் சொல்றேன். குழாய் மாறியிருக்கு. இது மாறியிருந்தா, ரத்த வகையும் மாறியிருக்கும். என் பேர் போட்ட பை வேற எவனுக்கோ ஏறும். ஆளு சாவான்."

அன்று மாலையே வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிஸ்லேனின் குரல் வந்தது. கோரினிடம்தான் பேசினாள், ஆனால் குரல் எவரிஸ்துக்காக உயர்த்தப்பட்டிருந்தது.

"கோரின் அக்கா, எனக்கும் கடுதாசி வந்துருக்கு. 'அடையாளம் எதுவும் இல்லை'ன்னு போட்டுருக்கு. வாரா வாரம் கீழ போறேன்ல, அந்த எனக்கே ஒண்ணும் இல்லையாம். உங்க வீட்டுக்காரருக்கு வேணும்னா வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கச் சொல்லுங்க."

எவரிஸ்த் ஜன்னலை மூடினார். ஆனால் மனதுக்குள் ஒன்று சரியாக உட்கார்ந்துவிட்டது: அவள் குழாயும் என் குழாயும்தான் இடம் மாறியிருக்கின்றன. ஒரே நாள், ஒரே வண்டி. அவளுக்கு வந்ததை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 21 அன்று வண்டியில் இந்த ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ஷான்-குன் வந்திருந்தார். தலைநகர் சேன்-தெனியிலிருந்து வந்த, ஒல்லியான, நாற்பது வயதுப் பெண். எவரிஸ்த் கடிதத்தை மேசையில் வைத்தார்.

"குழாய் மாறியிருக்கு, டாக்டர்."

"ஒவ்வொரு குழாயிலயும் கோடு போட்ட சீட்டு இருக்கு. மெஷின்தான் படிக்குது."

"எங்க மேடையிலயும் மெஷின்தான் படிச்சுது. வண்டிக்கு அடியில ஜாக்கி முட்டுக்கொடுத்து எடையக் கூட்டுனவன நான் பிடிச்சிருக்கேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. "சரி. மாறியிருக்குன்னே வச்சுக்குவோம். எப்படி நிரூபிக்கலாம், நீங்களே சொல்லுங்க."

"இன்னிக்கு எடுத்தத மறுபடி பாருங்க."

"பாக்கலாம். அதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு. நீங்க ஒவ்வொரு தடவை குடுக்கறப்பவும் கொஞ்சூண்டு எடுத்து உறைய வச்சிருப்போம். அஞ்சு வருஷம் இருக்கும்."

எவரிஸ்த் நிமிர்ந்தார். "என்னைக் கேக்காமலா?"

"கையெழுத்துப் போட்டிருக்கீங்க. தாளுக்குப் பின்னாடி, சின்ன எழுத்துல."

பின்பக்கத்தை அவர் படித்ததில்லை. இருபத்தைந்து வருடமாக.

"அந்தக் குழாய்களை வரிசையா வச்சுப் பாப்போம்" என்றார் டாக்டர். "குழாய் மாறியிருந்தா நடுவுல ஒண்ணு மட்டும் துருத்திக்கிட்டு நிக்கும். நிஜமாவே வந்திருந்தா, ஒரு நாள் வரைக்கும் எல்லாம் 'இல்லை'ன்னு இருக்கும், அதுக்கப்புறம் எல்லாமே 'இருக்கு'."

இந்தப் பேச்சு எவரிஸ்துக்குப் பிடித்தது. தராசுபோல இருந்தது.

"கொசு யார் வீட்டு வாளியிலேருந்து வந்துச்சுன்னும் அது சொல்லுமா?"

"சொல்லாது."

"அந்தப் பொம்பள வாளியில புழு இருந்துச்சு டாக்டர். நாலு பேர் பாத்தாங்க."

"புழு இருந்தா கொசு வரும். கொசு பெரும்பாலும் நோயோட பிறக்கறதில்ல. ரத்தத்துல டெங்கு இருக்கிற ஒரு ஆள அது கடிக்கணும். எட்டுப் பத்து நாள் கழிச்சு அடுத்த ஆளக் கடிக்கணும். அப்பதான் பரவும்."

"காய்ச்சல்காரனக் கடிக்கணும்."

"காய்ச்சல் வராதவங்களாவும் இருக்கலாம். நிறையப் பேருக்கு வந்ததே தெரியாது. நடமாடிக்கிட்டே இருப்பாங்க. அந்த மாதிரி எத்தனை பேருன்னு எண்ணத்தான் நான் ஊர் ஊரா அலையறேன்."

எவரிஸ்த் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார். சோலான்ஜ் நீட்டிய சாறை வாங்க மறந்துபோனார்.

இரண்டாம் கடிதம் செப்டம்பர் 24 அன்று வந்தது. தேதிகளை அவர் எழுதும் முறையிலேயே ஒன்றன்கீழ் ஒன்றாக அடித்திருந்தார்கள். 2018 டிசம்பர் 12, இல்லை. 2019 பிப்ரவரி 13, இல்லை. ஏப்ரல் 17, இருக்கிறது. ஜூன் 19, இருக்கிறது. ஆகஸ்ட் 21, இருக்கிறது. கீழே டாக்டர் கைப்பட எழுதியிருந்தார்: "இந்த ஒன்பது வாரத்துக்குள் எந்த நாள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. மன்னிக்கவும்."

துருத்திக்கொண்டு நிற்பது எதுவும் இல்லை. குழாய் மாறவில்லை.

அவர் ஒரு நீளத் தாளை எடுத்து அறுபத்து மூன்று கட்டம் போட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் அன்று எங்கே இருந்தார் என்று எழுதினார். பாதி தன் நாட்குறிப்பிலிருந்து, மீதி கோரினைக் கேட்டு. பிப்ரவரி 18 திங்கள் முதல் மார்ச் 1 வெள்ளி வரை பன்னிரண்டு கட்டங்களில் ஒரே ஊர் வந்தது: கீழே சேன்-லூயி, மகள் ஜெரால்தின் வீடு. தகரக் கூரை மாற்றப் போயிருந்தார். அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் டெங்குவில் படுத்திருந்தார்கள். மகள் வீட்டில் ஒருவரும் படுக்கவில்லை. அவரும் படுக்கவில்லை. அதனால் அந்தப் பயணம் அவர் கணக்கிலேயே வரவில்லை.

அடுத்ததாக மே மாதப் புகாரின் நகலைப் பிரித்தார். ஏழாம் கேள்வி: "நோய் கண்ட நாளுக்கு முந்தைய இருபத்தொரு நாட்களில், நோயாளியின் வளவில் வசிக்கும் எவரேனும் டெங்கு பரவியுள்ள ஊருக்குச் சென்று வந்ததுண்டா?" அவருடைய சாய்வில்லாத எழுத்தில் பதில்: "இல்லை."

"சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றார் சத்தமாக. "ஒனெசிம் நோய் மார்ச் 25. இருபத்தொரு நாள் பின்னால போனா மார்ச் 4. நான் மார்ச் 1-ஆம் தேதியே வந்துட்டேன்."

கோரின் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள். "மார்ச் 25 அவன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளு."

"அந்தத் தேதிக்குத்தான் முத்திரை இருக்கு."

"முத்திரை விழுந்தாத்தான் காய்ச்சலா? வியாழக்கிழமையே படுத்துட்டான். சேவலுக்குத் தீனி போடுங்க அண்ணின்னு எங்கிட்ட வந்து சொன்னான். நான்தான போட்டேன், நாலு நாளு. நீயும் பாத்த."

"பாத்தேன்."

"வியாழன் என்ன தேதி?"

அவர் கட்டத்தைப் பார்க்கவில்லை. மனப்பாடமாகத் தெரியும். மார்ச் 21. அதிலிருந்து இருபத்தொரு நாள் பின்னால் போனால் பிப்ரவரி 28. இரண்டு நாள் உள்ளே விழுகிறது.

"எனக்கு ஒண்ணு சொல்லு" என்றாள் கோரின். குரலில் கேலி இல்லை. "அப்ப தெரியாமத்தான் எழுதுனியா?"

அதைத்தான் எவரிஸ்தும் தோண்டிக்கொண்டிருந்தார். தேதியைத் தேர்ந்தெடுத்தது முத்திரைக்காகவா, அல்லது அந்தத் தேதி தனக்கு வசதியாக இருந்ததாலா? மே மாதத்து மனிதனை அவர் எடைமேடையில் நிற்கவைத்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேடையில் சில வண்டிக்காரர்கள் தெரிந்தே கல்லை ஏற்றி வருவார்கள். சிலருக்குக் கூலிக்காரன் ஏற்றியதே தெரியாது. இரண்டு பேருக்கும் பதிவேட்டில் அவர் ஒரே சொற்களைத்தான் எழுதினார்: கல் இருந்தது.

"தெரியல" என்றார் கடைசியில். "கல் இருந்துச்சு. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"நீதான் கொண்டுவந்தியா, இல்ல அவனா?"

"அதுவும் தெரியல. நான் முதல்ல இருக்கலாம். அவனுக்கு வந்த பிறகு அதே கொசு என்னைக் கடிச்சிருக்கலாம். ரெண்டு குழாய்க்கு நடுவுல மாட்டிக்கிச்சு."

கோரின் அவர் தோளில் கை வைத்தாள். உடனே எடுத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள்.

செப்டம்பர் 27 அன்று மன்றத்துக்குக் கடிதம் எழுதினார். ஏழாம் கேள்விக்கான பதிலைத் திருத்திக்கொள்ளக் கோரினார். நோய் கண்ட நாள் மார்ச் 25 அல்ல, 21. பிப்ரவரி 18 முதல் மார்ச் 1 வரை எவரிஸ்த் மயோ ஆகிய தான் சேன்-லூயியில் இருந்ததாகவும், பிப்ரவரி 13-க்கும் ஏப்ரல் 17-க்கும் இடையே தனக்கு டெங்கு வந்து போயிருப்பதாகவும், அதைக் காட்டும் கடிதத்தின் நகலை இணைத்திருப்பதாகவும் எழுதினார். வருத்தம், மன்னிப்பு என்ற சொற்கள் அதில் இல்லை. அவற்றை எழுத மன்றத்தின் தாளில் இடம் இல்லை என்றார் கோரினிடம்.

மறுநாள் சனிக்கிழமை. கிஸ்லேன் சந்தையிலிருந்து திரும்பிக் காலி வாளிகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். எவரிஸ்த் அவள் படலுக்கு வெளியே நின்றார். ஐந்து மாதத்தில் முதல் தடவை.

"என்ன மிஸ்யே மயோ, எண்ண வந்தீங்களா? பதினொண்ணு. எல்லாம் காஞ்சு கிடக்கு. தொட்டுப் பாருங்க."

அவர் நகலை நீட்டினார். அவள் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, தாளின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"இதுல என்ன வச்சிருக்கீங்க? நான் கையெழுத்துப் போடணுமா?"

"வேண்டாம். படி."

அவள் நின்றபடியே படித்தாள். உதடு அசைந்தது. முடித்துவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள்.

"நீங்கதான் கொண்டாந்தீங்கன்னு இதுல இல்லையே."

"தெரியாதத எழுத மாட்டேன்."

"நான்தான்னு மட்டும் தெரிஞ்சு எழுதுனீங்களோ?"

அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். சந்தில் யாரோ ஸ்கூட்டரில் போனார்கள்.

"உன் வாளியில புழு இருந்துச்சு கிஸ்லேன். அது மாறாது."

"இருந்துச்சு. நான் இல்லைன்னு எப்ப சொன்னேன்? ஒனெசிம் அண்ணன் சேவல் கிண்ணத்துலயும் இருந்துச்சு. அவரு ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு, வேலிக்கு மேல நின்னு நானே பாத்தேன். கோரின் அக்கா தீனிதான் போட்டாங்க, தண்ணிய மாத்தல. அடக்கத்தன்னிக்கு யாரோ கழுவிக் கவுத்துட்டாங்க, அதான் அந்த ஆளுங்க கண்ணுல படல."

கழுவியது எவரிஸ்த்தான். சேவல்களை வாங்கிக்கொண்டு போக ஆள் வந்தபோது. உள்ளே என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. அப்போது கண் தெளிவாக இல்லை.

"ஏன் சொல்லல நீ? மன்றத்துல அப்பவே சொல்லியிருந்தா…"

"செத்த மனுஷன் மேல என்னத்த எழுதிக் குடுக்கறது?"

அவள் தாளை மடித்து அவரிடமே நீட்டினாள். அவர் வாங்கவில்லை, உனக்குக் கொண்டுவந்தது என்றார். அவள் அதை ஒரு காலி வாளிக்குள் போட்டுவிட்டு, அடுத்த வாளியை இறக்கப் போனாள். அண்ணே என்று கூப்பிடவில்லை. உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை எவரிஸ்த் மன்றத்துக்கு நடந்தே போய், இன்னொரு தாளைச் சேர்த்துக் கொடுத்தார். தன் வளவிலிருந்த சேவல் கிண்ணங்களில் புழு இருந்ததாக அண்டை வீட்டார் சொல்வதாகவும், அவற்றைத் தானே மார்ச் 31 அன்று கழுவியதாகவும், கழுவும்போது உள்ளே பார்க்கவில்லை என்றும் எழுதியிருந்தார். தபால் வாங்கும் அலுவலர் அதை மேலோட்டமாகப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"ஐயா, இது உங்க புகார்தானே? உங்க புகாருக்கு நீங்களே குழி வெட்டறீங்க."

"தேதி முத்திரை போடுங்க" என்றார் எவரிஸ்த். "ரெண்டு நகல்லயும்."

விசாரணைக் குழு அக்டோபர் 8 அன்று கூடியது. இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுப் பத்துப் பத்து நிமிடம் பேசினார்கள். சேவல் கிண்ணத்தைப் பற்றி அவர்கள் கேட்டபோது, கிஸ்லேன் ஞாபகமில்லை என்றாளாம். எவரிஸ்த் தனக்கு ஞாபகமிருப்பதை எல்லாம் சொன்னார். தலைவர் அவரிடம் கடைசியாகக் கேட்டார்: "உங்க தம்பிக்கு எங்கேருந்து வந்ததுன்னு நினைக்கறீங்க?"

"சந்தேகம் இருக்கு."

"யார் மேல?"

"சேன்-லூயி கொசு மேல. அவ வாளி மேல. எங்க கிண்ணத்து மேல. என் மேல." சற்று நிறுத்தி, "எழுதற வரிசை உங்க இஷ்டம்" என்றார்.

முடிவு தபாலில் வரும் என்றார்கள். அடுத்த நாட்களில் அவர் தபால்காரனைச் சந்தின் முனையிலேயே நிறுத்தி, பையில் மன்றத்தின் உறை ஏதாவது இருக்கிறதா, அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். கோரின் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவளும் பத்து மணிக்கெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டாள்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி உறைதான் வந்தது. நோய் எங்கிருந்து வந்தது என்று தீர்மானிக்க முடியவில்லை, புகார் தள்ளுபடி, கல்லறைத் தோட்டத்து வாசலில் மூன்றாம் எண் இடம் அன்றுமுதல் மீண்டும் திருமதி கிஸ்லேன் திஜுவின் பெயரில். எவரிஸ்த் அதை நின்றுகொண்டே ஒரு முறை படித்தார். திருப்பி, பின்பக்கத்தையும் படித்தார். அங்கே ஒன்றும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் நிரப்பும் சத்தம் கேட்டது. எத்தனை வாளி என்று அவர் எண்ணவில்லை. பேனாவை எடுத்து, உறையின் மூலையில் அது வந்த நாளைக் குறித்தார்: 2019 அக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை.